வி.எஸ்.டி. 3-ல் மட்டும் டிக் வையுங்கள். ஹார்ட் டிஸ்க்காரரிடம் பணம் கொடுக்காதீர்கள்

கேள்வி: பென்னாகரம் பக்கம் எங்கள் ஊர் கூத்து செட்டின் பாட்டுகளை வீட்டிலேயே ரெக்கார்டிங் செய்கிறேன். விண்டோஸ் லேப்டாப், 8 ஜிபி ராம், ரெக்கார்டிங் மென்பொருள் எஃப்.எல். ஸ்டுடியோ. அதோடு சேர்த்து ஓட்டி சத்தத்தை மாற்றும் சின்ன மென்பொருளான பிளகினை இன்ஸ்டால் செய்யும்போது வி.எஸ்.டி. 2, வி.எஸ்.டி. 3, ஏ.ஏ.எக்ஸ். என்று மூன்று பெட்டி வருகிறது. எதில் டிக் வைப்பது? மிக்ஸிங்குக்குச் சென்னைக்கு அனுப்பப் போகிறேன், அங்கே இருப்பது ப்ரோ டூல்ஸ் என்ற வேறு மென்பொருள். ஓசூரில் ஒருவர், "ஏ.ஏ.எக்ஸ்.தான் சினிமா சவுண்ட். 6,000 ரூபாய் கொடு, ஆயிரம் பிளகின் ஹார்ட் டிஸ்க்கில் போட்டுத் தருகிறேன்" என்கிறார். வாங்கலாமா? அண்ணன் 2017-ல் செய்த பழைய பாட்டுகளும் இதே லேப்டாப்பில் இருக்கின்றன.

பதில்: வாங்காதீர்கள், தம்பி. மூன்று பெட்டியில் வி.எஸ்.டி. 3-ல் மட்டும் டிக்கை வைத்துவிட்டு மற்ற இரண்டையும் எடுத்துவிடுங்கள். புதிதாகச் செய்யும் வேலைக்கு அவ்வளவுதான் தேவை.

"சினிமா சவுண்ட்" என்று சொன்னாரே, அதை முதலில் தீர்த்துவிடுவோம். பாலக்கோடு மார்க்கெட்டுக்குக் கூடையில் போனாலும் கிரேடில் போனாலும் ஒரே தோட்டத்துத் தக்காளிதான். மண்டிக்காரர் எதில் கொண்டுவரச் சொல்கிறாரோ அதில் போடுகிறோம். அதனால் ருசி மாறுவதில்லை. வி.எஸ்.டி., ஏ.ஏ.எக்ஸ். எல்லாம் கூடைதான். சத்தத்தை மாற்றும் கணக்கு உள்ளே இருக்கிற பிளகினுடையது.

நம்பிக்கை வரவில்லையா? உங்கள் முகவீணை டிராக்கை இரண்டாகப் பிரதி எடுங்கள். ஒன்றில் ஒரு ஈக்யூவின் (சத்தத்தின் கனத்தையும் கீச்சையும் கூட்டிக் குறைக்கும் பிளகின்) வி.எஸ்.டி. 2, மற்றதில் அதே ஈக்யூவின் வி.எஸ்.டி. 3. இரண்டிலும் ஒரே செட்டிங். இப்போது ஒரு டிராக்கில் மட்டும் மிக்ஸரில் உள்ள, சத்த அலையைத் தலைகீழாக்கும் ரிவர்ஸ் போலாரிட்டி பட்டனை அழுத்திவிட்டு இரண்டையும் சேர்த்து ஓடவிடுங்கள். ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, முகவீணை உச்சத்தில் கத்துகிற இடத்தில்கூட மாஸ்டர் மீட்டர் அசையாது. துளி வித்தியாசம் இருந்திருந்தால் அது மிச்சமாகக் கேட்டிருக்கும்.

ஏ.ஏ.எக்ஸ். என்பது ப்ரோ டூல்ஸ் செய்யும் ஆவிட் கம்பெனியின் கூடை. எஃப்.எல். ஸ்டுடியோவுக்கு அதைத் திறக்கவே தெரியாது. உங்கள் லேப்டாப்பில் போட்டால் இடத்தை அடைத்துக்கொண்டு சும்மா கிடக்கும். ஏ.யூ. என்று இன்னொரு கூடை உண்டு; அது ஆப்பிள் கருவிகளில் மட்டும் ஓடும். உங்களுக்கு அந்தக் கவலை வேண்டாம்.

சென்னை மிக்ஸிங்குக்கும் ஏ.ஏ.எக்ஸ். வேண்டியதில்லை. எஃப்.எல். புராஜெக்ட்டை ப்ரோ டூல்ஸ் திறக்காது, பிளகினும் பாட்டோடு சேர்ந்து ரயிலேறிப் போகாது. அங்கே போகவேண்டியது வேவ் ஃபைல்கள். எக்ஸ்போர்ட் செய்யும்போது 24 பிட் வேவ் என்று வைத்து, 'ஸ்பிளிட் மிக்ஸர் டிராக்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள். ஆர்மோனியப் பெட்டி, மிருதங்கம், முகவீணை, ஜால்ரா, பாட்டு எல்லாம் தனித்தனி ஃபைலாக, ஒரே புள்ளியில் தொடங்கி வரும். எந்த மென்பொருள் வைத்திருப்பவரும் வாங்கி அடுக்கிக்கொள்வார்.

வி.எஸ்.டி. 3-ஐச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விண்டோஸில் அதற்கென்று ஒரே இடம்: புரோகிராம் ஃபைல்ஸுக்குள் காமன் ஃபைல்ஸ், அதற்குள் வி.எஸ்.டி. 3 ஃபோல்டர். பழைய வி.எஸ்.டி. 2-க்கு அப்படி ஒரு நிரந்தர விலாசம் இல்லை. ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு ஃபோல்டரில் கொட்டும். "இன்ஸ்டால் செய்தேன், காணோம்" என்று எனக்கு வருகிற போன்களில் பெரும்பாலானவை இதனால்தான். வி.எஸ்.டி.யை உருவாக்கிய ஸ்டெயின்பெர்க் கம்பெனி வி.எஸ்.டி. 3-ஐ வெளியிட்டது 2008-ல். 2018-ல், வி.எஸ்.டி. 2 செய்ய விரும்பும் புதியவர்களுக்குக் கருவித்தொகுப்பு தருவதையும் நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகும் பிளகின் கம்பெனிகள் எல்லாப் பெட்டியிலும் முன்கூட்டியே டிக்கைப் போட்டு வைத்து, பாடவும் வாசிக்கவும் மட்டும் தெரிந்தவர்கள் தலையில் இந்த முடிவைக் கட்டுகிறார்கள். உங்கள் மென்பொருள் எது என்று பார்த்துப் பொருத்தமானதை மட்டும் போட இவர்களுக்கு என்ன கஷ்டம்? எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

அண்ணனின் பழைய பாட்டுகள் விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். அவை வி.எஸ்.டி. 2-ல் செய்யப்பட்டிருந்தால், அதே பிளகினின் வி.எஸ்.டி. 3-ஐப் போட்டாலும் புராஜெக்ட் பல சமயம் அதை அடையாளம் கண்டுகொள்ளாது. பிளகின் காணோம் என்று சொல்லிவிடும். அண்ணன் திருகி வைத்த அளவெல்லாம் போய்விடும். ஆகவே பழைய வி.எஸ்.டி. 2 ஃபைல்களை அழிக்காதீர்கள், இருக்கிற இடத்திலிருந்து நகர்த்தவும் செய்யாதீர்கள். ஒவ்வொரு பாட்டாகத் திறந்து, ஒவ்வொரு பிளகின் திரையையும் போனில் படம் எடுத்து வையுங்கள். பிறகு மேலே சொன்னபடி தனித்தனி வேவாக வெளியே எடுங்கள். பிளகின் போட்டதோடு ஒரு முறை, எல்லா பிளகினையும் அணைத்துவிட்டு ஒரு முறை. இரண்டும் ஒரு பென்டிரைவிலும் இருக்கட்டும். எல்லாப் பாட்டும் முடிந்த பிறகு வேண்டுமானால் வி.எஸ்.டி. 2-ஐ எடுக்கலாம். இடம் இருந்தால் அப்போதும் விட்டுவைப்பேன் நான். பழைய 32 பிட் முறையில் செய்த பிளகினாக இருந்தால் இந்த வேலையை இந்த வாரமே முடியுங்கள். அவற்றை ஓட்டும் மென்பொருள்கள் வருஷத்துக்கு வருஷம் குறைகின்றன.

இனி அந்த ஹார்ட் டிஸ்க். தருமபுரியில் என் ஸ்டுடியோவுக்கு ஒரு பையன் அப்படி வாங்கிய டிஸ்க்கோடு வந்தான். ஒவ்வொரு ஃபோல்டரிலும் முதலில் ஒரு நோட்பேட் ஃபைல். அதில் முதல் வரியே "ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்". வீட்டுக்கு வருகிறவன் முதலில் நாயைக் கட்டச் சொன்னால் நாம் யோசிக்க மாட்டோமா? அவன் அணைத்திருக்கிறான். இரண்டு வாரத்தில் அவனுடைய யூடியூப் சேனல் வேறு யார் கைக்கோ போய்விட்டது; கூத்துப் பாட்டு புராஜெக்ட்டும் திறக்கும்போதெல்லாம் பாதியில் மூடிக்கொண்டது. விற்றவர் போனை எடுக்கவே இல்லை. லைசென்ஸ் பூட்டை உடைத்த திருட்டு பிளகினுக்கு பில் கிடையாது, அப்டேட் கிடையாது, கேட்க ஆளும் கிடையாது. "ஒரு லைசென்ஸைப் பத்துப் பேர் பங்குபோடலாம்" என்று வாட்ஸ்அப்பில் ஆள் சேர்க்கிறவர்களிடமும் போகாதீர்கள். அதுவும் இதே கதைதான்.

உங்கள் வேலைக்கு அந்த 6,000-ல் ஒரு ரூபாய்கூடத் தேவையில்லை. எஃப்.எல்.லோடு வந்த பாராமெட்ரிக் ஈக்யூ 2 பாட்டுக்கும் மிருதங்கத்துக்கும் போதும். அதற்கு இந்தக் கூடைத் தொல்லையே கிடையாது. முகவீணை காதைக் கிழிக்கிற இடத்துக்கு டி.டி.ஆர். நோவா என்ற இலவச பிளகினை அந்தக் கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். சத்தம் ஏறுகிற நொடியில் மட்டும் அந்தப் பகுதியை அமுக்கிவிட்டு மற்ற நேரம் ஒதுங்கிக்கொள்ளும். எதிரொலிக்கு வால்ஹல்லா சூப்பர்மாசிவ், அதுவும் இலவசம்.

பின்னால் ஏதாவது காசு கொடுத்து வாங்க நினைத்து, கார்டு மறுக்கப்பட்டால் பதறாதீர்கள். 2020-லிருந்து புதிய கார்டுகளை உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்து தருகிறார்கள். பேங்க் ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து, வாங்கியதும் மூடிவிடுங்கள். அதற்கு முன் டெமோவை வி.எஸ்.டி. 3-ல் இறக்கி, உங்கள் 8 ஜிபி லேப்டாப்பில் முழுப் பாட்டோடு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள்.