ஜெர்மனிக்கு ‘மூன்றாண்டு இன்டர்நேஷனல் லைசென்ஸ்’ வாங்கலாமா?

கேள்வி: என் ஓட்டுநர் உரிமம் சேலத்தில் எடுத்தது, இப்போது வசிப்பது பெங்களூரில். அலுவலகம் என்னை இரண்டு ஆண்டுகளுக்கு ஸ்டுட்கார்ட்டுக்கு அனுப்புகிறது. மூன்று ஆண்டுகள் செல்லும் இன்டர்நேஷனல் லைசென்ஸை 8,000 ரூபாய்க்கு வாங்கித் தருவதாக ஓர் ஏஜென்ட் சொல்கிறார். நம்பலாமா?
— வாசகர், ராமமூர்த்தி நகர்

பதில்: நம்ப வேண்டாம். நம் நாட்டில் வழங்கப்படும் சர்வதேச ஓட்டுநர் அனுமதிக்கு ஓராண்டுக்கு மேல் ஆயுள் கிடையாது. அதற்குள் உங்கள் இந்திய உரிமம் காலாவதியானால் அதுவும் அன்றே முடிந்துவிடும். உலக உருண்டையும் பளபளக்கும் ஹாலோகிராமும் பதித்து, மூன்றாண்டு, ஐந்தாண்டு என்று விற்கப்படும் பிளாஸ்டிக் அட்டைகளுக்குச் சட்ட மதிப்பு எதுவும் இல்லை. உண்மையான அனுமதிக்குப் பரிவாகன் சாரதி இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். அரசுக் கட்டணம் 1,000 ரூபாய். மருத்துவச் சான்றிதழ் வேண்டும், விசா கைக்கு வந்திருக்க வேண்டும் என்று சொல்லி ஏஜென்ட் தொகையை ஏற்றுவார். அவ்விரண்டு நிபந்தனைகளையும் மத்திய அரசு 2021 ஜனவரியிலேயே நீக்கிவிட்டது. நீக்கிய செய்தி மட்டும் சில கவுண்டர்களுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

சேலத்து உரிமம் என்பது தடையல்ல. பெங்களூர் முகவரிச் சான்று இருந்தால் இங்கேயே விண்ணப்பிக்கலாம். பழைய புத்தக வடிவ உரிமமாக இருந்து, கணினிப் பதிவில் ஏறாதிருந்தால் மட்டும் சேலம் அலுவலகத்தில் அதை ஏற்றச் சொல்ல வேண்டும். நாடு முழுவதற்கும் ஒரே தளம் என்கிறார்கள். அலைச்சல் என்னவோ நம் தலையில்தான்.

ஏஜென்ட் உங்களிடம் சொல்லாத செய்தி வேறு. ஜெர்மனியில் குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம் வரைதான் இந்திய உரிமம் செல்லும். சர்வதேச அனுமதியில் மீதி மாதங்கள் இருந்தாலும் பயனில்லை. அதற்குப் பின் ஓட்டுவது அங்கே அபராதச் சீட்டோடு போகிற தவறல்ல, உரிமமின்றி ஓட்டிய குற்றம். ஒரு விலக்கு உண்டு: மொத்தத் தங்கலே பன்னிரண்டு மாதத்தைத் தாண்டாது என்று ஆவணத்தோடு நிரூபிப்பவருக்கு, அந்த ஆறு மாதத்தை மேலும் ஆறு மாதம் வரை நீட்டித்துத் தருவார்கள். உங்கள் பணி ஒப்பந்தமே இரண்டு ஆண்டு என்பதால் இது உங்களுக்குப் பொருந்தாது; முதலாண்டுக்கு மட்டும் கடிதம் வாங்கிக் காட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

உடன் வரும் மனைவியோ மற்றவரோ ஓட்ட விரும்பினால், புறப்படுவதற்கு முன்பே உரிமம் எடுத்துவிட வேண்டும். அங்கே குடியேறிய பிறகு விடுமுறையில் ஊருக்கு வந்து, ஏஜென்ட் கையால் அவசரமாக எடுக்கும் உரிமத்தை ஜெர்மனி ஏற்பதில்லை. அது வழங்கப்பட்ட நாளில் உங்கள் குடியிருப்பு எங்கே இருந்தது என்பதைத்தான் பார்ப்பார்கள்.

ஆகவே ஜெர்மன் உரிமத்துக்கு மூன்றாம் மாதமே விண்ணப்பித்துவிடுங்கள். கட்டாய வகுப்புகள் உங்களுக்கு இல்லை. கண் பரிசோதனை, முதலுதவிப் பயிற்சி, எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு ஆகியவை உண்டு. எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம். ஓட்டுத் தேர்வுக்குப் பயிற்சிப் பள்ளியின் காரும் ஆசிரியரும் தேவை என்பதால், இரண்டொரு வகுப்புக்குப் பணம் கட்டி, பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கமிருந்து வருபவருக்கு வழிவிட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.