சைக்கிள் கடைக்காரரைக் கேளுங்கள்

மன்னார்குடியில் அப்பாவுக்குப் பிறகு சைக்கிள் கடையை நடத்திவரும் நம் ‘கடைக்காரர்’ இந்த இதழிலும் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.

ஆன்லைனில் பார்த்த அதே சைக்கிளுக்கு எங்கள் ஊர்க் கடையில் நானூறு ரூபாய் கூடச் சொல்கிறார்கள். கேட்டால் ‘ஃபிட்டிங் சார்ஜ்’ என்கிறார். கம்பெனியே பூட்டித் தருகிற வண்டிக்கு எதற்கு ஃபிட்டிங்?
– வாசகர், பெரம்பலூர்

கம்பெனி பூட்டித் தருகிறது என்று யார் சொன்னது தம்பி? அப்பா காலத்தில் அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸ் வரும். ஃப்ரேம் தனி, ரிம் தனி, கம்பிகள் கட்டுக்கட்டாகத் தனி. முன் சக்கரத்துக்கு 32 கம்பி, பின் சக்கரத்துக்கு 40. அத்தனையும் கடையில் உட்கார்ந்து கோத்து, கோட்டம் எடுத்து, அதற்கப்புறம்தான் வண்டி. இப்போது சக்கரம் கோத்தே வருகிறது. பெட்டியைப் பிரித்தால் முக்கால்வாசி வண்டி இருக்கும். மீதி கால்வாசிதான் விஷயமே. ஹேண்டில், முன் சக்கரம், பிரேக், பெடல், சீட் எல்லாம் கடைக்காரர் கையில்தான் பூட்டப்படுகின்றன. ஓட்டுபவரின் உயிர் இருப்பதும் அந்த இடங்களில்தான்.

ஆன்லைனில் வாங்கி வீட்டிலேயே பூட்டி, பிறகு என்னிடம் தள்ளிக்கொண்டு வருகிறவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் இடது பெடல்தான் பிரச்சினை. அதற்கு இடமரை, மற்ற மரைகளுக்கு எதிர்த்திசையில் திருக வேண்டும். தெரியாமல் வலுக்கட்டாயமாக ஏற்றினால் பெடல் மாட்டும் தண்டான கிராங்கில் மரை போய்விடும். அப்புறம் கிராங்கையே மாற்ற வேண்டும். அந்தச் செலவோடு பார்த்தால் நானூறு ரூபாய் பெரிதில்லை.

ஆனால் கடைக்காரர் வாங்கிய காசுக்கு வேலை செய்தாரா என்று பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு. காசு கொடுக்கும் முன் முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிடுங்கள். ரிம்முக்கும் பிரேக் கட்டைக்கும் உள்ள இடைவெளி சுற்று முழுவதும் ஒரே அளவாக இருக்க வேண்டும். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஹேண்டில் கழுத்தில் ‘டக் டக்’ என்று ஆட்டம் தெரிந்தால் திருப்பிக் கொடுத்து முடுக்கச் சொல்லுங்கள். இதற்கு முகம் சுளிக்கிற கடை என்றால் அடுத்த கடைக்குப் போய்விடலாம். நான் வண்டியின் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் பூட்டுகிற ஆளைப் பார்க்கச் சொல்லுவேன். ஒரே கம்பெனி, ஒரே மாடல். ஒரு கடையில் வாங்கியது வருஷக்கணக்கில் ஓடும், இன்னொன்று மாதத்தில் கடகடக்கும்.

இன்னொன்று. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்துவிட்டது. பில்லில் எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று ஒரு பார்வை பாருங்கள்.

மகளுக்குப் புது சைக்கிள் வாங்கினோம். திரும்பும்போது அவளுடைய கால் முன் சக்கரத்தில் இடிக்கிறது. ‘சின்னப் பிள்ளை, ஓட்டப் பழகினால் சரியாகிவிடும்’ என்று கடையில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.
– வாசகி, விருத்தாசலம்

பழகினால் சரியாவதற்கு இது என்ன செருப்பா? முதலில் முன் சக்கரத்தை இருபக்கமும் பிடித்திருக்கும் கவையை, அதாவது ஃபோர்க்கைப் பாருங்கள் அம்மா. ஃபோர்க்கின் கீழ்முனை முன்பக்கம் தள்ளி இருக்க வேண்டும். முன் பிரேக் ஃபோர்க்குக்கு முன்னால் தெரிய வேண்டும். உங்கள் வண்டியில் பிரேக் உள்பக்கமாக, பெடலைப் பார்த்து இருந்தால், ஃபோர்க்கைத் திருப்பிப் பூட்டியிருக்கிறார்கள். சக்கரம் பின்னால் தள்ளி வந்துவிடுவதால்தான் கால் இடிக்கிறது. வண்டியைத் திருப்புவதும் சரியாக வராது. அவசரமாகப் பூட்டும் இடங்களில் இது சாதாரணமாக நடக்கிறது. தெருவில் போகிற சின்ன வண்டிகளைக் கவனித்துப் பாருங்கள், நீங்களே கண்டுபிடிப்பீர்கள். ஹேண்டிலைத் தளர்த்தி, ஃபோர்க்கை அரைச் சுற்றுத் திருப்பி முடுக்குகிற வேலைதான். காசு கேட்டால் கொடுக்காதீர்கள். அதுவரை பிள்ளையை ரோட்டில் ஓட்ட விட வேண்டாம்.

ஃபோர்க் சரியாகத்தான் இருக்கிறது, அப்போதும் லேசாக இடிக்கிறது என்றால் சின்ன ஃப்ரேம் வண்டிகளில் அது கொஞ்சம் இருக்கும். கூர்மையாகத் திரும்பும்போது மட்டும் பெடலை மிதிக்காமல் இருக்கச் சொல்லுங்கள்.

வாங்கி இரண்டு வாரத்தில் பின் ரிம் வளைந்துவிட்டது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று போர்டைக் காட்டுகிறார்கள். பில்லும் தரவில்லை.
– வாசகர், திண்டுக்கல்

போர்டு வைத்துவிட்டால் சட்டம் மாறிவிடாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பதும் அப்படித்தான். முதலில் நல்லவிதமாகப் போய்க் கேளுங்கள். நடக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு வழக்குப் போடக் கட்டணமே கிடையாது. ஜிபே, வங்கிக் கணக்கு வழியாகப் பணம் கட்டியிருந்தால் அந்தப் பதிவை எடுத்து வையுங்கள்.

கடைக்காரனாகவும் ஒரு வார்த்தை. கேரியரில் இரண்டு பேரை ஏற்றிப் பள்ளத்தில் விட்டு வளைந்த ரிம்மை ‘கம்பெனி டிபெக்ட்’ என்று கொண்டுவருகிறவர்களும் உண்டு. கம்பிகள் ஒரு பக்கம் மட்டும் தொளதொளவென்று இருந்தால் அது பூட்டியவர் குறை. ரிம்மின் விளிம்பு உள்ளே அமுங்கியிருந்தால் பள்ளத்தின் வேலை.

வாரம் தவறாமல் பஞ்சர். ஒட்டுகிறவர் டியூப் சரியில்லை என்கிறார். மாற்றியும் அதே கதை.
– வாசகர், பரமக்குடி

உங்கள் ஊரில் சீமைக்கருவேல முள்ளுக்கா பஞ்சம்? டியூப்பைக் குற்றம் சொல்வதை விட்டுவிட்டு டயரைப் பாருங்கள். முள்ளின் முனை ஒடிந்து ரப்பருக்குள்ளேயே நின்றிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. டயருக்குப் பக்கத்தில் டியூப்பை வைத்து, மவுத் (காற்றடிக்கும் வாய்) இருந்த இடத்தை நேராக்கிப் பிடித்தால், ஓட்டை எங்கேயோ முள்ளும் அங்கேதான். உள்பக்கம் விரலால் மெல்லத் தடவி, குறடால் பிடுங்க வேண்டும். ஓட்டை ரிம் பக்கமாக இருந்தால் முள் இல்லை, ஏதோ ஒரு கம்பி முனை நீட்டிக்கொண்டிருக்கிறது. அரத்தால் தேய்த்துவிட்டுப் புது ரிம் டேப் போடச் சொல்லுங்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல் இருந்தால் காற்றுக் குறைவாக ஓட்டியிருக்கிறீர்கள். எவ்வளவு காற்று என்று டயர் ஓரத்திலேயே அச்சடித்திருக்கும்.

பையனுக்கு எட்டு வயது. வளருகிற பிள்ளை என்பதால் 26 அங்குலமே வாங்கிவிடலாமா?
– வாசகி, ஆரணி

வேண்டாம். 20 அங்குலம் வாங்குங்கள். சீட்டில் உட்கார்ந்தால் கால் தரையில் ஊன்ற வேண்டும். பிரேக் லீவருக்கு விரல் எட்டுகிறதா என்றும் பாருங்கள். அதை யாருமே பார்ப்பதில்லை. கியர் வண்டி கேட்டு அடம் பிடிப்பான். ஆரணியில் எந்த மலை ஏறப் போகிறான்?

தாத்தாவின் பழைய ராலே சைக்கிள் பரணில் கிடக்கிறது. ஓட்டும்படி ஆக்க முடியுமா?
– வாசகர், காரைக்குடி

ஃப்ரேம் துருப்பிடித்து ஓட்டை விழாமல் இருந்தால் தாராளமாக முடியும். ஓவராயில் செய்யத் தெரிந்த, வயதான மெக்கானிக் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். எல்லாவற்றையும் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, அச்சுகளில் புது பால்ஸ் (இரும்புக் குண்டுகள்) போட்டு, கிரீஸ் வைக்க வேண்டும். 28 அங்குல டயர் இன்னும் கிடைக்கிறது. செயினில் 24 கண்ணியை அளந்தால் சரியாக 12 அங்குலம் வர வேண்டும். அதைவிட நீண்டிருந்தால் செயினை மாற்றிவிடுங்கள். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், நாளாக நாளாகப் பிசுக்காகிப் புழுதியைப் பிடித்துக்கொள்ளும். மெஷின் ஆயில் போதும். கிராங்கைக் கழற்றும்போது அதை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் காட்டர் பின்னைச் சுத்தியலால் நேரடியாக அடித்தால் வளைந்துவிடும். நட்டை நுனிவரை தளர்த்தி வைத்துவிட்டு, அதன்மேல் மரக்கட்டை கொடுத்து அடிக்கச் சொல்லுங்கள். பெயின்ட் மட்டும் அடிக்க வேண்டாம். பழைய ராலேயின் அந்தப் பச்சை இப்போது வராது.