அந்தக் காலத்துப் பாகம் போட்டால் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் விலை கூடுமா?

சிங்கப்பூரில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் கேள்வி அனுப்பலாம் என்று சொல்லியிருந்தேன். பெரும்பாலும் வந்தது ஒரே விஷயம்தான்: கார் புதிதாக ஓடிய காலத்தில் கடையில் விற்ற ரிம், கார்பரேட்டர், ஸ்டீயரிங் எல்லாம் போட்டால் விற்கும்போது கூடுதல் பணம் கிடைக்குமா?

ஈசூனிலிருந்து ஒருவர்: அண்ணே, என்னிடம் 1967 எம்ஜிபி, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், இருக்கிறது. மினிலைட் ரிம்மும் வெபர் கார்பரேட்டரும் மாற்றினால் விலை ஏறுமா?

ஏறாது தம்பி. போட்ட காசில் பாதி திரும்பி வந்தாலே நல்லது. இரண்டும் 60களில் எம்ஜிபியில் போட்டவைதான், தப்பில்லை. ஆனால் வாங்குபவர் பார்ப்பது அந்தப் பாகம் எந்தக் காலத்தது என்பதோடு நிற்காது, அது எப்போது இந்தக் காரில் ஏறியது என்பதையும் பார்ப்பார். 1969-இல் மாட்டியதற்கு ரசீது இருந்தால் அது காரின் வரலாறு. போன மாதம் மாட்டியது என்றால் உங்கள் ரசனை. ரசனைக்கு யாரும் பணம் கொடுப்பதில்லை. ஒன்று மட்டும் உண்மை, நல்ல ரிம் போட்ட கார் சீக்கிரம் விலைபோகும்.

பாசிர் ரிஸிலிருந்து: அப்படியானால் எந்த மாற்றத்துக்குத்தான் மதிப்பு?

ஆஸ்டின் ஹீலி 100-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. அந்தக் காருக்கு 'லெ மான்ஸ்' கிட் என்று ஒன்று விற்றார்கள். பெரிய எஸ்யூ கார்பரேட்டர், குளிர்ந்த காற்றை இழுக்கும் பெட்டி, வேறு கேம்ஷாஃப்ட் எல்லாம் அதில் வரும். ஏஜென்ட் கடையிலேயே மாட்டித் தருவார்கள். 90 குதிரைசக்தி 100 ஆகும். இதையே வாரிக்கில் கம்பெனியே மாட்டி, பிஸ்டனையும் மாற்றி 110-க்குக் கொண்டுபோய் 100எம் என்று விற்றது. அப்படி வந்தவை 640 கார்கள்தான்.

இன்றைக்குச் சந்தையில் உச்சியில் நிற்பது கம்பெனி 100எம். அடுத்த படி, 50களிலேயே கிட் மாட்டி, அதற்குக் காகிதமும் உள்ள கார். அதற்கும் கீழே, பிற்காலத்தில் கிட் மாட்டிய கார். கண்ணால் பார்த்தால் மூன்றும் ஒன்றுபோல இருக்கும். கம்பெனி 100எம்-ஐப் பிரித்துக் காட்டுவது இங்கிலாந்தில் கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் தரும் சான்றிதழ். தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்து எழுதித் தருவார்கள். எம்ஜிபிக்கும் அங்கேயே வாங்கலாம். ஈசூன் தம்பி ரிம் வாங்குவதற்கு முன்னால் இதை வாங்கட்டும்.

சிராங்கூனிலிருந்து ஒரு சகோதரி: அப்பா தாம்சன் ரோட்டில் பந்தயம் ஓட்டிய கார் இது. உள்ளே ரோல் பார் (கார் கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புக் குழாய்), டாஷ்போர்டில் கூடுதல் மீட்டருக்குப் போட்ட துளைகள். எல்லாவற்றையும் எடுத்துப் புதுசு மாதிரி ஆக்கலாம் என்கிறார் பட்டறைக்காரர்.

அம்மா, தயவுசெய்து தொட விடாதீர்கள். உங்கள் கேள்வியைப் படித்ததும் மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு இதற்குத்தான் முதலில் எழுத உட்கார்ந்தேன்.

அப்பர் தாம்சன் ரோட்டில் 1961 முதல் 1973 வரைதான் கிராண்ட் பிரீ நடந்தது. 1962-இல் யோங் நாம் கீ ஜாகுவார் ஈ-டைப்பில் ஜெயித்த அதே பாதை. அங்கே ஓடிய கார்களில் இன்னும் சிங்கப்பூரில் இருப்பவை அரிது. பத்து வருடத்தில் பெரும்பாலான கார்களை ரோட்டிலிருந்து எடுத்துவிடும் ஊர் இது. உங்கள் அப்பா துளைத்த அந்தத் துளைகள்தான் இந்தக் காரை அதே மாடலின் மற்ற கார்களிலிருந்து வேறாக்குகின்றன. ஈயம் வைத்து அடைத்துப் பெயின்ட் அடித்தால் அதுவும் நூறோடு நூற்றொன்றாகிவிடும். பழைய படங்களைத் தேடுங்கள். பந்தய எண் தெரிகிற ஒரே ஒரு படத்தில் அந்த ரோல் பாரும் தெரிந்தால் போதும். பட்டறை ரசீது, பந்தய நிகழ்ச்சி நிரல், எது கிடைத்தாலும் ஒரே கோப்பில் வையுங்கள்.

உட்லண்ட்ஸிலிருந்து: மினிலைட் ரிம், வெபர் கார்பரேட்டர் எல்லாம் அசலா, நகலா என்று எப்படிப் பார்ப்பது?

டயரைக் கழற்றச் சொல்லுங்கள். முதலில் வந்த மினிலைட் மெக்னீசியம். நம் ஊர் ஈரத்தில் பெயின்ட் உரிந்த இடத்திலெல்லாம் சாம்பல் கலந்த வெள்ளைப் பொடி பூத்திருக்கும். விரலால் தேய்த்தால் அடியில் சின்னச் சின்னக் குழிகள் தட்டுப்படும். கையில் தூக்கினால் எதிர்பார்த்ததைவிட லேசாக இருக்கும். அசல் என்று தெரிந்தாலும் விரிசல் சோதனை செய்யாமல் ரோட்டில் ஓட்டாதீர்கள். வெபர் என்றால் மூடியில் பொறித்திருப்பதைப் படியுங்கள். பழையவை இத்தாலியில் பொலோன்யாவில் செய்தவை, பிற்காலத்தவை ஸ்பெயினில் செய்தவை.

ஜூரோங்கிலிருந்து: 1972 டட்சன் 240இசட்டில் எல்28 எஞ்சின், அகலமான ஃபெண்டர். பீரியட் கரெக்ட்தானே, அதாவது காரின் காலத்துக்குப் பொருந்தும்தானே?

இல்லை. எல்28 வந்ததே 1975-க்கான 280இசட்டில். ஃபெண்டர் பொருத்த பாடியை வெட்டியிருந்தால் அது இன்னும் பெரிய இழப்பு. அசல் எல்24 எஞ்சின் எங்கே என்று விற்பவரிடம் கேளுங்கள். காரின் பதிவில் உள்ள எண்ணோடு பொருந்தும் அந்த எஞ்சின் காரோடு வந்தால் வாங்கலாம்.

எல்டிஏ (நிலப் போக்குவரத்து ஆணையம்) சிக்கல் வருமா, சார்?

எஞ்சின், எக்ஸாஸ்ட் மாற்ற அனுமதி வேண்டும். பழைய கார்களுக்கான கிளாசிக் திட்டத்தில் பதிய காருக்குக் குறைந்தது 35 வயது ஆகியிருக்க வேண்டும், அதில் வருடத்துக்குக் குறிப்பிட்ட நாட்கள்தான் ஓட்டலாம். எதையும் வாங்குவதற்கு முன்னால் ஆணையத்திடம் கேட்டுவிடுங்கள்.

காக்கி புக்கிட்டிலிருந்து: கழற்றிய பழைய பாகங்களை என்ன செய்வது? வீட்டில் இடமில்லை.

என் முதல் காரின் இரும்பு ரிம் நான்கையும் ஒரு பட்டறையில் விட்டு வைத்திருந்தேன். இரண்டு மாதம் கழித்துப் போனால், பழைய இரும்பு என்று எடைக்குப் போட்டிருந்தார்கள். அதே வருடத்து முத்திரை உள்ள ரிம் நான்கு சேர்க்க எனக்கு ஆறு வருடம் ஆனது, கடைசி ஒன்று ஜொகூரில் கிடைத்தது. கட்டிலுக்கு அடியில் இடம் இருக்கும், பாருங்கள். எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, எந்தக் காரிலிருந்து எந்தத் தேதியில் கழற்றியது என்று சீட்டு எழுதிக் கட்டி வையுங்கள்.