நாலு மணிக்கு எழும்புகிற மாமி

கேள்வி: நாங்கள் கிளிநொச்சியில் இருக்கிறோம். நத்தார் நள்ளிரவுப் பூசை முடிந்து வீடு வர இரண்டு மணியாகிவிடும். இம்முறை ரொறன்ரோவிலிருந்து கணவரின் தம்பி குடும்பமும் வந்து நிற்கும். காலையில் ஒன்பது பேருக்குச் சாப்பாடு. முதல் நாளே செய்து வைத்துவிட்டுக் காலையில் சூடாக்கிக் கொடுக்க இலகுவாக ஏதாவது சொல்லுங்கள். பாணை அடுக்கி, முட்டையும் பாலும் ஊற்றி, இரவு முழுக்க ஊறவைக்கிற ஒன்றை யூடியூப்பில் பார்த்தேன், சரிவருமா? உதவிக்கு ஆளில்லை. மாமிக்கு 74 வயது. இரவுப் பூசைக்கு வரமாட்டார். வேளைக்கே படுத்து, நாலு மணிக்கு எழும்பிக் குசினி வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பார். அவரை ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை, ராணி மாதிரி வைத்திருக்கிறோம்.

பதில்: தங்கச்சி, இரணைமடுக் குளம் வான் பாயத் தொடங்கினால் இந்தக் கேள்வியும் வந்துவிடும், ஊர்தான் மாறும். பாணுக்கும் முட்டைக்கும் பிறகு வருகிறேன். உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளை இரண்டு தரம் வாசித்தேன். "உதவிக்கு ஆளில்லை" என்று எழுதிய கையோடு, நாலு மணிக்கே எழும்பிக் குசினி வாசலில் இருக்கிற ஒருவரைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு உங்கள் வீட்டில் ஒழுங்காக நித்திரை கொண்டு எழும்பப் போகிற ஒரே ஆள் அவர்தான்.

கதிரையை விறாந்தையில் போடலாம், முற்றத்து மாமரத்துக்குக் கீழே போடலாம். ஏன் குசினி வாசலில் போடுகிறார் என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா?

2008 நத்தாருக்கு, யுத்தத்தில் இடம்பெயர்ந்து, எங்கள் சனத்தில் பலர் தருமபுரம், விசுவமடுப் பக்கம் தறப்பாளுக்குக் கீழே இருந்தோம். உங்கள் கணவரிடம் கேட்டுப் பாருங்கள், அந்தக் காலை அவருக்கு யார் எதைச் சுட்டுக் கொடுத்தது என்று. மழைக்குள் ஈர விறகை ஊதி ஊதி அடுப்பு மூட்டிய மனுசிகளுக்கு இன்றைக்குக் காஸ் அடுப்பைத் தொட அனுமதியில்லை.

இதில் எனக்கும் பங்குண்டு. மீள்குடியேறி வந்த புதிதில் என் அம்மாவை நானும் "நீங்கள் சும்மா இருங்கோ" என்று இருத்திவிட்டேன். ஒரு பின்னேரம் பார்க்கிறேன், சுளகில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறார். "அது பைக்கற் அரிசி அம்மா, கல் இருக்காது" என்றேன். "தெரியும்" என்றார். தலையை நிமிர்த்தவேயில்லை.

வயது போனவர்களுக்கு ஓய்வு கொடுப்பது பிள்ளைகளின் கடமை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உங்கள் வீட்டில் ஓய்வைக் கேட்டது யார்? மாமி வந்தால் மா சிந்தும், சட்டி இடம் மாறும், ஒரு தேங்காய் துருவ அரை மணித்தியாலம் எடுக்கும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க உங்களுக்குப் பொறுமையில்லை. எனக்கும் இருக்கவில்லை. அதற்கு ராணிப் பட்டம் கட்டாதீர்கள்.

சரி, சாப்பாடு. அந்தப் பாண் சாப்பாடு வெள்ளைக்காரர் வீடுகளுக்குச் சரி. காலையில் பிள்ளைகள் பரிசுப் பொதி பிரிக்கிற நேரம் தாயும் பக்கத்தில் இருக்கலாம், அது ஓவனுக்குள் தன் பாட்டில் வேகும். உங்களுக்கு இரவு முழுக்கக் குளிர்சாதனப்பெட்டி வேலை செய்ய வேண்டும், காலையில் ஓவன் வேண்டும். மார்கழி மழைக்கு இரவில் கரண்ட் நின்றால் பச்சை முட்டையும் பாலும் என்ன கதியாகும்? ரொறன்ரோக்காரருக்கு அது புதினமும் இல்லை.

அப்பம் சுடுங்கள். ஒன்பது பேருக்கு ஒரு கிலோ பச்சையரிசி தாராளம். 24ஆம் திகதி காலை ஊறப்போட்டு, பின்னேரம் ஒரு பிடி சோறும் சேர்த்து அரைத்து, கொஞ்சம் ஈஸ்ட் கரைத்துவிட்டு மூடி வையுங்கள். மழைக் குளிருக்கு மா சுணங்கித்தான் பொங்கும், அடுப்புக்குக் கிட்ட வைத்தால் நல்லது. பெரிய பானையாக எடுங்கள், இல்லாவிட்டால் விடிய நிலத்தில்தான் மா இருக்கும். உங்கள் வேலை அவ்வளவுதான். பூசைக்குப் போய் வந்து படுங்கள். நாலு மணிக்குத் தேங்காய் முதற்பாலும் உப்பும் கொஞ்சம் சீனியும் விட்டுக் கலக்குவது மாமி. மா எந்தத் தடிப்பில் இருக்கவேண்டும் என்று நான் எழுதுவதைவிட அவர் கரண்டியால் அள்ளிப் பார்த்தால் தெரியும்.

தூக்கி இறக்க ஆள் வேண்டும்தான். ரொறன்ரோ மகனை நாலரைக்கு எழுப்புங்கள். வந்த புதிதென்றால் அவருடைய உடம்புக்கு அது பின்னேரம் ஆறு மணி, எப்படியும் முழித்துத்தான் கிடப்பார். தாய்க்குப் பக்கத்தில் நின்று தேங்காய் துருவட்டும். அடுப்பைக் கதிரை உயரத்துக்கு இறக்கி வைத்துக் கொடுத்தால் மாமி இருந்தபடியே சுடலாம்.

மற்றதெல்லாம் நீங்கள் கேட்டபடி முதலே முடியும். இறைச்சியைத் தேங்காய்ப்பால் விடாமல் பிரட்டலாக 24ஆம் திகதி பின்னேரமே காய்ச்சுங்கள். அடுத்த நாள்தான் அதற்கு ருசி. பூசைக்குப் போக முன்னரும் வந்த பிறகும் நன்றாகக் கொதிக்க வைத்து இறக்குங்கள். சீனிச்சம்பலை மூன்று நாளைக்கு முன்னரே செய்யலாம். வெங்காயத்தை மெல்லிய நெருப்பில் வதக்கவேண்டும், அவசரப்பட்டால் கருகும். சில வருசம் திருவெம்பாவையும் நத்தாரும் ஒன்றாக வரும். பக்கத்தில் சைவக்காரர் இருந்தால் மாசிக் கருவாடு போட முன்னர் ஒரு போத்தல் புறம்பாக எடுத்து வையுங்கள். தேங்காய்ச் சம்பலை மட்டும் இரவே அரைத்து வைக்காதீர்கள், விடியப் புளித்திருக்கும்.

அப்பச்சட்டி வீட்டில் எங்கேயாவது கிடக்கும். எங்கே என்று மாமிக்குத் தெரியும். 23ஆம் திகதியே எடுத்து எண்ணெய் பூசிப் பழக்கித் தரச் சொல்லிக் கேளுங்கள். கனநாள் சும்மா கிடந்த சட்டி, முதல் இரண்டு மூன்று அப்பம் ஒட்டத்தான் செய்யும். குசினிக்குள் எட்டிப் பார்த்து ஒன்றும் சொல்லிவிடாதீர்கள்.