எழுத்துக்கூட்டிப் படிப்பவரிடம் ஆபத்தைச் சொல்வது எப்படி? வாசகர் கேள்விகள்

கேள்வி: வெள்ள எச்சரிக்கைத் துண்டறிக்கையை எளிய சொற்களில்தான் எழுதினோம். அப்படியும் சிலர் வீட்டை விட்டுக் கிளம்பவில்லை. எங்கே தவறு?

நீங்கள் அனுப்பிய துண்டறிக்கையைப் பார்த்தேன். முதல் பத்தி முழுக்க வானிலை விளக்கம். 'உடனே வெளியேறுங்கள்' என்பது ஒன்பதாவது வரியில்தான் வருகிறது. எழுத்துக்கூட்டிப் படிப்பவர் மூன்றாவது வரியிலேயே களைத்துவிடுவார். செய்ய வேண்டியதை முதலில் சொல்லுங்கள், காரணம் அப்புறம்.

'நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம்' என்பதையும் எடுத்துவிடுங்கள். ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதுதான் அதன் பொருள். கேட்பவர் காதிலோ 'போன வருடம்தானே வந்தது, இனி நம் காலத்தில் வராது' என்று விழுகிறது. படித்தவர்களும் இப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். அப்புறம் துண்டறிக்கையில் இருக்கும் அந்த சென்டிமீட்டர் கணக்கு. வேகமாக ஓடும் தண்ணீர் 15 செ.மீ. ஆழம் இருந்தாலே ஆளைச் சாய்த்துவிடும். அதை எண்ணாக எழுதுவதைவிட, குனிந்து கணுக்காலுக்குச் சற்று மேலே கையை வைத்து, "இவ்வளவு ஓடினாலே இறங்காதீங்க" என்று காட்டுவது மேல்.

கேள்வி: எழுத்தே வேண்டாம், படம் மட்டும் போட்டால்?

படத்தையும் படிக்கப் பழகியிருக்க வேண்டும். கதிரியக்கத்தைக் குறிக்கும் மூவிதழ்ச் சின்னத்தைப் பார்த்தால் எத்தனை பேருக்குப் பயம் வரும்? அதனால்தான் சர்வதேச அணுசக்தி முகமையும் சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓவும் 2007இல் மண்டையோடும் தப்பி ஓடும் ஆளும் சேர்த்து ஒரு புதுச் சின்னம் கொண்டுவந்தன. அதுவும் 11 நாடுகளில் மக்களிடம் காட்டிப் பார்த்த பிறகு. 'வீட்டுக்குள் ஜெனரேட்டர் ஓட்டாதீர்கள்' என்பதற்கு, வீட்டுக்குள் ஜெனரேட்டர், மேலே சிவப்பில் ஒரு பெருக்கல் குறி என்று படம் போட்டால், 'ஜெனரேட்டர் ரிப்பேர்' என்றுகூடப் புரிந்துகொள்ளலாம். அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அதை எந்தப் படத்தில் காட்டுவீர்கள்? வாயால்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: 'புரிந்ததா?' என்றால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள்.

ஆட்டத்தான் செய்வார்கள். "கண்ணாடியை வீட்டிலேயே வெச்சிட்டேன், அப்புறம் படிக்கிறேன்" என்பவரை நானும் வெகுகாலம் அப்படியே நம்பினேன். இப்போது கேள்வியை மாற்றிவிட்டேன்: "நான் சரியாகச் சொன்னேனான்னு தெரியலை. வீட்டுக்குப் போய் இதை எப்படிச் சொல்வீங்க?" பரீட்சை எனக்கு என்றானதும் அவர்கள் தயங்காமல் பேசுகிறார்கள். தவறாகச் சொன்னால் திருத்த வேண்டியது என் பேச்சைத்தான்.

கேள்வி: குறுஞ்செய்தியா, குரல் அழைப்பா?

குரல். அவர்களுக்குத் தெரிந்த ஒருவருடைய குரலாக இருந்தால் இன்னும் நல்லது.