பிரெஞ்சு இலக்கணமும் பி2 தேர்வும்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: பிளஸ் டூவில் பிரெஞ்சு எடுத்து நல்ல மதிப்பெண் பெற்றேன். பிரான்சில் மேல்படிப்புக்காக இப்போது டெல்ஃப் என்னும் பிரெஞ்சு மொழித்திறன் தேர்வின் பி2 நிலையை எழுத வேண்டியிருக்கிறது. அதற்குக் கீழுள்ள ஏ2 நிலை வரை சிரமம் இல்லை. பி1 வகுப்பில் கோடிட்ட இடங்களைச் சரியாக நிரப்புகிறேன். சொந்தமாக ஒரு பக்கம் எழுதச் சொன்னால் காலங்கள் குழம்பிவிடுகின்றன. இலக்கண நூலை மறுபடியும் முதலிலிருந்து படிக்க வேண்டுமா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: வேண்டாம். கோடிட்ட இடத்தை நிரப்பும்போது எந்த விதி தேவை என்பதைப் பயிற்சியின் தலைப்பே சொல்லிவிடுகிறது. வெள்ளைத்தாளில் அந்த விதிக்கு இங்கே வேலை இருக்கிறது என்று கண்டுகொள்ள வேண்டியவர் நீங்கள். டெல்ஃபில் இலக்கணத்துக்கென்று தனிப் பகுதி கிடையாது. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் ஆகிய நான்குக்கும் தலா 25 மதிப்பெண்; மொத்தம் 50 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் எந்தப் பகுதியிலும் 5க்குக் குறையக் கூடாது. பி2 எழுத்துப் பகுதியில் ஒரு மணி நேரத்துக்குள் குறைந்தது 250 சொற்களில் ஒரு கருத்தை வாதிட்டு நிறுவ வேண்டும். ஆகவே உங்களுக்குத் தேவை, தெரிந்த விதியைத் தக்க இடத்தில் எடுத்துப் பயன்படுத்தும் பழக்கம்.

இதற்கு உங்கள் தமிழே பெரிய துணை. நம்மில் பலர் பிரெஞ்சை ஆங்கிலத்தின் வழியாகவே கற்கிறோம். அதனால் ஆங்கிலத்தில் இல்லாமல் தமிழில் இருக்கும் நுட்பங்களைக் கவனிக்காமலே விட்டுவிடுகிறோம். ‘சின்ன வயதில் தாத்தா தினமும் கதை சொல்வார்’ என்கிறோம். நடந்து முடிந்த செய்திதான்; ஆனாலும் வழக்கமாக நடந்தது என்பதால் ‘சொன்னார்’ என்னாமல் எதிர்கால வடிவத்தைக் கொண்டுவருகிறோம். பிரெஞ்சில் அந்த இடத்துக்கு உரியது அம்பர்ஃபே (வழக்கமாக நடந்ததையும் நீடித்ததையும் சொல்லும் இறந்தகாலம்). ‘அன்றைக்கு ஒரு கதை சொன்னார்’ என்றால் பாஸே கொம்போஸே (நடந்து முடிந்த செயலைச் சொல்லும் இறந்தகாலம்). ‘மழை பெய்துகொண்டிருந்தது’ மீண்டும் அம்பர்ஃபே. ‘நான் போய்ச் சேர்வதற்குள் ரயில் கிளம்பியிருந்தது’ என்பதில் உள்ள ‘இருந்தது’ ப்ளூ கெ பர்ஃபே (இறந்தகாலத்துக்கும் முந்தைய இறந்தகாலம்). தமிழ் உங்களைக் கைவிடும் ஓர் இடமும் உண்டு: ‘வீடு பெரியதாக இருந்தது’, ‘எனக்கு அவரைத் தெரிந்திருந்தது’ போன்ற நிலையைச் சொல்லும் வாக்கியங்கள். வினைமுற்று சாதாரண இறந்தகாலம் போலத் தோன்றினாலும், பின்னணியாக நீடித்த நிலை என்பதால் பிரெஞ்சு பெரும்பாலும் அம்பர்ஃபேயையே கேட்கும். உங்கள் குழப்பத்தில் பாதி இங்கேதான் இருக்கும் என்பது என் ஊகம்.

நிபந்தனை வாக்கியத்தையும் இப்படிப் பாருங்கள். ‘நீ வந்திருந்தால் நான் சமைத்திருப்பேன்’ என்பதன் இரண்டு உறுப்புகளும் பிரெஞ்சில் அப்படியே பொருந்தும்: நம் ‘ஆல்’ போல நிபந்தனையைக் காட்டும் ‘ஸி’க்குப் பின் ப்ளூ கெ பர்ஃபே, அடுத்த பகுதியில் இறந்தகாலக் கோந்திசியோனெல் (நிபந்தனையின் விளைவைச் சொல்லும் வினைவடிவம்). ஆனால் ‘நேரம் இருந்தால் வருவேன்’ என்ற ஒரே தமிழ் வாக்கியத்தைப் பிரெஞ்சு இரண்டாகப் பிரிக்கிறது. நேரம் கிடைக்க வாய்ப்பிருந்தால் ‘ஸி’யுடன் நிகழ்காலமும் பிறகு எதிர்காலமும் வரும், நேரம் இல்லை, இருந்தால் வரலாமே என்ற ஏக்கம் என்றால் அம்பர்ஃபேயும் கோந்திசியோனெலும் வரும். இந்த நிபந்தனை ‘ஸி’யை ஒட்டி எதிர்காலமோ கோந்திசியோனெலோ வருவதே இல்லை. (‘அவன் வருவானா என்று தெரியவில்லை’ என்னும் ஐய வாக்கியத்திலும் ‘ஸி’ வரும், அது வேறு ‘ஸி’, அதற்கு எதிர்காலம் தடையில்லை.)

தமிழுக்கும் பிரெஞ்சுக்கும் மிகப் பெரிய விலகல், பிறர் சொன்னதை எடுத்துச் சொல்லும் இடத்தில் இருக்கிறது. ‘நாளைக்கு வருவேன் என்று சொன்னான்’ என்று அவன் வாயிலிருந்து வந்ததை அப்படியே வைத்து ‘என்று’ போட்டு முடித்துவிடுகிறோம். பிரெஞ்சில் ‘சொன்னான்’ என்ற தலைமை வினை இறந்தகாலம் ஆனதும் உள்ளே இருப்பவை இடம்பெயர வேண்டும்: ‘வருவேன்’ என்ற எதிர்காலம் கோந்திசியோனெல் ஆகும், ‘நான்’ என்பது ‘அவன்’ ஆகும், ‘நாளை’ என்பது ‘மறுநாள்’ ஆகும். பி2 பேச்சுத் தேர்வில் 30 நிமிடம் தயாரித்து, கொடுத்த சிறு கட்டுரையின் அடிப்படையில் உங்கள் நிலைப்பாட்டை முன்வைத்துத் தேர்வாளருடன் விவாதிக்க வேண்டும். கட்டுரையாளர் சொன்னதை எடுத்துச் சொல்லாமல் அந்த விவாதத்தை நடத்துவது கடினம்.

பெயரெச்சத்துக்கும் நேரம் ஒதுக்குங்கள். ‘என்னைப் பார்த்த பெண்’, ‘நான் பார்த்த பெண்’, ‘நான் பிறந்த ஊர்’, ‘எனக்குத் தேவைப்படும் புத்தகம்’ ஆகிய நான்கையும் நாம் ஒரே அமைப்பில் சொல்கிறோம். பிரெஞ்சு முறையே ‘கி’, ‘கெ’, ‘ஊ’, ‘தோன்’ என்ற நான்கு சொற்களைக் கேட்கிறது. பெயருக்கும் எச்சத்துக்கும் உள்ள உறவு எழுவாயா, செயப்படுபொருளா, இடமா, ‘தெ’ என்ற முன்னிடைச் சொல் வழி வந்ததா என்று ஒருமுறை கேட்டுக்கொண்டால் விடை கிடைத்துவிடும்.

பயிற்சிக்கு ஒரு வழி சொல்கிறேன். தினமும் தமிழ் நாளிதழிலிருந்து ஒரு பத்தியை எடுத்து, ஒவ்வொரு வினைக்கும் கீழே கோடிட்டு, பிரெஞ்சில் அது எந்தக் காலம், எந்த வடிவம் என்பதை மட்டும் பக்கத்தில் குறியுங்கள். பிரெஞ்சில் எழுதவே வேண்டாம். மூன்று வாரங்களுக்குப் பிறகு நேரடியாகப் பிரெஞ்சில் எழுதத் தொடங்கி, திருத்தி வந்த தாள்களிலிருந்து உங்கள் தவறுகளைத் தனி நோட்டில் சேர்த்து வையுங்கள். தேர்வறையில் தமிழில் யோசித்து மொழிபெயர்க்க நேரம் இருக்காது. இந்தப் பயிற்சி அதற்கு முந்தைய கட்டத்துக்கு மட்டுமே.

கேள்வி: சுப்ஜோங்க்திஃப் என்னும் வினைவடிவம் என்றாலே பயமாக இருக்கிறது. பெயர்ச்சொற்களின் பாலும் மனத்தில் நிற்பதில்லை. – கல்லூரி மாணவர், அடையாறு

பதில்: ‘நான் போக விரும்புகிறேன்’ என்பதில் போகிறவரும் விரும்புகிறவரும் ஒருவரே, அங்கே பிரெஞ்சிலும் வெறும் வினையெச்சம் போன்ற மூலவடிவம் போதும். ‘நீ போக வேண்டும் என்று விரும்புகிறேன்’ என்று ஆள் மாறும்போதுதான் சுப்ஜோங்க்திஃப் வருகிறது. விருப்பம், கட்டாயம், ஐயம், உணர்ச்சி ஆகியவற்றுக்குப் பின், நம் ‘என்று’ போல வரும் ‘கெ’யைக் கண்டால் நிதானியுங்கள். ‘நம்புகிறேன், எதிர்பார்க்கிறேன்’ என்னும் பொருளுடைய ‘எஸ்பெரே’ மட்டும் உடன்பாட்டு வாக்கியத்தில் சாதாரண வடிவத்தையே ஏற்கும். இதில் நன்றாகப் படித்தவர்களும் தவறுகிறார்கள்.

பால் விஷயத்தில் தமிழ் உதவாது. மேசையும் நாற்காலியும் நமக்கு அஃறிணை, அவ்வளவுதான். பிரெஞ்சில் ஒவ்வொன்றும் ஆண்பால் அல்லது பெண்பால். சொல்லை ஒருபோதும் தனியாக மனப்பாடம் செய்யாமல் ஆண்பாலைக் காட்டும் ‘லெ’ அல்லது பெண்பாலைக் காட்டும் ‘லா’ என்ற சொல்லோடு சேர்த்தே படியுங்கள். உயிரொலியில் தொடங்கும் சொல்லானால் ‘லெ’, ‘லா’ வேறுபாடு மறைந்துவிடும், அங்கே ‘அன்’ (ஆண்பால்), ‘யூன்’ (பெண்பால்) சேர்த்துப் படியுங்கள். ‘சியோன்’ என்று முடிபவை பெரும்பாலும் பெண்பால், ‘மோன்’ என்று முடியும் பெயர்கள் பெரும்பாலும் ஆண்பால்.

கேள்வி: கனடாவில் குடியேற விண்ணப்பிக்கப் போகிறேன். டெல்ஃப் பி2 சான்றிதழ் போதுமா? – வாசகர், வேளச்சேரி

பதில்: கனடா மத்திய அரசின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்னும் குடியேற்ற விண்ணப்ப முறைக்கு டெல்ஃப் செல்லாது, டெஃப் கனடா, டிசிஎஃப் கனடா ஆகிய இரண்டு பிரெஞ்சுத் தேர்வுகளில் ஒன்றை எழுத வேண்டும். டெல்ஃப் சான்றிதழ் வாழ்நாள் முழுவதும் செல்லும், இவற்றின் முடிவுகளோ இரண்டு ஆண்டுகள்தாம். ஆகவே விண்ணப்பிக்கும் தேதியைக் கணக்கிட்டுத் தேர்வு நாளைத் தேர்ந்தெடுங்கள். டிசிஎஃப் கனடாவிலும் இலக்கணத்துக்குத் தனிப் பகுதி கிடையாது. எழுத்துப் பகுதியில் 60 நிமிடத்தில் மூன்று பணிகள், பேச்சில் சுமார் 12 நிமிடத்தில் மூன்று பணிகள் உண்டு. பேச்சுப் பகுதியின் இரண்டாம் பணியில் கேள்வி கேட்பவர் நீங்கள்தான். எனவே வினா வாக்கிய அமைப்பைச் சரளமாக வரும் வரை வாய்விட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.