இரும்பு உருக்கியே காலத்த ஓட்டாதிய தம்பி

ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்ங்கிற ஆன்லைன் கேம்ல ஃப்ரீ அக்கவுண்ட்டு, ஸ்மித்திங் (கொல்லு வேல) லெவல் 16, அட்டாக் லெவல் 20, ரெண்டும் நவுர மாட்டேங்குன்னு கேட்டிருக்கிய. தம்பி, இரும்புத் தாது உருக்குனா பாதிக்குப் பாதி வீணாத்தான் போவும், 50 சதவீதம், கேமே அப்படித்தான் வச்சிருக்கான், அதுல போய் உக்காந்து கெடக்கியளே. மொதல்ல மைனிங் (சுரங்க வேல) லெவல் 10 இருக்கான்னு பாருங்க, இருந்தா நைட்ஸ் ஸ்வார்ட் குவெஸ்ட்ட முடிச்சிருங்க, ஒரே அடியா 12,725 ஸ்மித்திங் எக்ஸ்பி (அனுபவப் புள்ளி), உங்க லெவல் 30ஐ தாண்டிரும். 30ல ஸ்டீல் உருக்கலாம், ஒரு இரும்பு ரெண்டு நிலக்கரி, ஒண்ணும் வீணாவாது. அந்தக் குவெஸ்ட்டுல வார குள்ளன் தர்கோவுக்கு ரெட்பெரி பைங்கிற பழப் பலகாரம் ஒண்ணு வேணும், அத கேமுக்குள்ள இருக்க கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் சந்தைல வாங்கிக்கிடுங்க, அதுக்குன்னு சமையல் படிக்காதிய. அதே குவெஸ்ட்டுல போற ஐஸ் குகைக்குள்ள ராட்சசன்லாம் நிப்பான், சண்ட போடாம சாப்பாட்டோட ஓடிருங்க. வண்ணார்பேட்டைல கரண்ட் போய்ப் போய் வருதுன்னு வேற சொல்லுதிய, அந்தக் குகைக்குள்ள போவும்போது மட்டும் வைஃபைய நம்பாம மொபைல் டேட்டால போங்க.

சண்டைக்கு லாங்ஸ்வார்ட (நீள வாள) தூக்கிப் போடுங்க. கேம்ல அல் கரீத் ஊர்ல ஜீக் கடைல மித்ரில் சிமிட்டர் (வளைஞ்ச வாள்) கிடைக்கும், அட்டாக் 20 போதும், 2.4 செகண்டுக்கு ஒரு வெட்டு, லாங்ஸ்வார்டு 3 செகண்டு. சண்ட போடுத முறைய கன்ட்ரோல்ட் ஸ்டைல்ல வைக்காதிய, எக்ஸ்பி அட்டாக், ஸ்ட்ரெங்த், டிஃபென்ஸுன்னு மூணா பிரிஞ்சிரும். அக்ரசிவ்ல வச்சா ஒரு டேமேஜுக்கு 4 எக்ஸ்பி முழுசா ஸ்ட்ரெங்த்துக்கே வரும், அடி பெருசாச்சுன்னா எல்லாமே வேகமா ஏறும்லா. அப்புறமா அட்டாக்க 40க்கு ஏத்தி ரூன் சிமிட்டர் எடுங்க, டிஃபென்ஸு கடைசில பாத்துக்கிடலாம்.